செத்தவர் பாட வந்தார்! 5 ஆயிரம் பேர் தங்கள் கண்ணையே நம்பவில்லை

தென்ஆப்பிரிக்காவில் கேப்டவுன் நகரை ஒட்டி பெல்வில் என்று ஒரு ஊர். அங்கே சைக்கிள் பந்தயத்துக்காகப் புதிதாகக் கட்டிய பெரிய உள்ளரங்கம் ஒன்று அப்போது இருந்தது. 1998-ம் ஆண்டு மார்ச் மாதம் 6-ந்தேதி இரவு அங்கே சைக்கிள் எதுவும் ஓடவில்லை. சுமார் 5 ஆயிரம் பேர் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து கூடியிருந்தார்கள். கச்சேரி கேட்க வந்த கூட்டம்தான். ஆனால் பாட்டைவிட வேறொரு கேள்விதான் பலருடைய மனசைக் குடைந்துகொண்டிருந்தது.

"வரப்போறது அவருதானா? இல்லே, அவரு பேரைச் சொல்லிக்கிட்டு வேற யாராச்சும் வர்றாங்களா?"

சந்தேகம் நியாயமானதுதான். ஏனென்றால், பாட வரவிருந்த மனிதர் செத்துப்போய் வெகுகாலம் ஆகிவிட்டது என்றுதான் அந்த நாட்டில் 20 வருஷத்துக்கு மேலாகப் பேச்சு!

யார் அவர்?

பெயர் சிக்ஸ்டோ ரோட்ரிகஸ். அமெரிக்காவில் மோட்டார் தொழிலுக்குப் பேர்போன டெட்ராய்ட் நகரத்துக்காரர். 1942-ம் ஆண்டு ஜூலை 10-ந்தேதி பிறந்தவர். பிழைப்புக்காக மெக்சிகோவில் இருந்து வந்த குடும்பம். ஆறாவது பிள்ளை என்பதால் "சிக்ஸ்டோ" என்று பெயர் வைத்தார்கள். தானே பாட்டு எழுதி, தானே மெட்டமைத்து, கிட்டாரை மீட்டிக்கொண்டு தானே பாடும் ரகம். கூட்டத்தைக் கவர ஆடுவது, குதிப்பது எதுவும் கிடையாது. ஆள், ஒரு கிட்டார், தெருவில் பார்த்த விஷயங்கள், அவ்வளவுதான்.

மைக் தியோடர், டென்னிஸ் காபி என்ற இரண்டு தயாரிப்பாளர்கள் அவரை முதன்முதலில் பார்த்த கதையே விசித்திரமானது. டெட்ராய்ட் ஆற்றங்கரையில் ஒரு மதுக்கடை. அதன் பெயரே "சாக்கடை" என்று அர்த்தம்! உள்ளே ஒரே சிகரெட் புகை. மூலையில் ஒருவர் ஜனங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்துப் பாடிக்கொண்டிருந்தார். முகம் தெரியவில்லை. குரல் மட்டும் வந்தது. முகம் தெரியாததாலேயே வந்தவர்கள் பாட்டின் வார்த்தைகளை உற்றுக்கேட்கும்படி ஆகிவிட்டது என்று அந்த இருவரும் பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். சபைக்கு முதுகு காட்டிப் பாடுவது நம் ஊர்க் கச்சேரியில் நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்!

1970-ல் "கோல்டு பேக்ட்" என்ற இசைத்தட்டு வெளிவந்தது. 1971-ல் இன்னொன்று, "கம்மிங் பிரம் ரியாலிட்டி". இரண்டையும் அமெரிக்காவில் சீந்துவார் இல்லை. கம்பெனி ரோட்ரிகசைக் கைகழுவிவிட்டது. 1975-ல் அந்தக் கம்பெனியே மூடப்பட்டது. மூன்றாவது தட்டுக்கு ஆரம்பித்த வேலையும் பாதியில் நின்றது. பாடகர் கிட்டாரை வீட்டில் வைத்துவிட்டுக் கூலி வேலைக்குப் போனார். பழைய வீடுகளை இடிப்பது, இடிபாடுகளை அள்ளுவது, கூரை வேலை, துப்புரவு வேலை. பனிக்காலத்தில் முதுகில் பாரம் சுமந்து மாடிப்படி இறங்குகிற வேலை. ஒருநாள் இப்படிப்பட்ட அழுக்கு வேலைக்கு விருந்துக்குப் போகிறவர் மாதிரி கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு வந்து நின்றாராம்! கூட வேலை பார்த்த ஒருவர் சொன்னது.

அதற்கு நடுவில் படிப்பையும் விடவில்லை. 1981-ல் தத்துவப் பாடத்தில் பட்டம் வாங்கினார். நகரசபைத் தேர்தலிலும், மேயர் தேர்தலிலும் நின்று தோற்றார். 1989 நகரசபைத் தேர்தலில் ஓட்டுச்சீட்டில் அவர் பெயரைத் தப்பாக அச்சடித்திருந்தார்கள். பெயர் ராசி அப்படி!

கடல் கடந்த தட்டு

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அவருக்குத் தெரியாமலே வேறொரு கதை நடந்துகொண்டிருந்தது.

அமெரிக்காவில் விலைபோகாத "கோல்டு பேக்ட்" எப்படியோ கடல் கடந்து தென்ஆப்பிரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்தது. நிறவெறி ஆட்சி நடந்த காலம் அது. உலக நாடுகள் தென்ஆப்பிரிக்காவை ஒதுக்கி வைத்திருந்தன. வெளிநாட்டுக் கலைஞர்கள் அங்கே போக மறுத்தார்கள். டெலிவிஷன் என்பதே 1976-ல்தான் அந்த நாட்டுக்கு வந்தது. வெள்ளைக்கார வாலிபர்களைக் கட்டாயமாகப் பட்டாளத்தில் சேர்த்து எல்லைச் சண்டைக்கு அனுப்பினார்கள். முகாமில் படுத்துக்கொண்டு அந்தப் பையன்கள் கேட்ட பாட்டுகளில் ரோட்ரிகஸ் பாட்டு முக்கியமானது. கேசட்டில் இருந்து கேசட்டுக்குப் பதிவு செய்து கை மாறிக்கொண்டே போனது. அரசாங்கத்தை, போலீசை, பெரிய மனிதர்களைக் கேள்வி கேட்கும் பாட்டு. "இப்படியெல்லாம் கேட்கலாமா!" என்று அந்தப் பையன்களுக்கு ஆச்சரியம்.

அரசாங்க ரேடியோ சும்மா இருக்குமா? "சுகர் மேன்" என்ற பாட்டு போதை வியாபாரியைப் பற்றியது. அதை ஒலிபரப்பக் கூடாது என்று தடை போட்டார்கள். தடை என்றால் வெறும் உத்தரவு மட்டும் அல்ல. ரேடியோ நிலையத்து நூலகத்தில் இருந்த இசைத்தட்டில் அந்தப் பாட்டு வரும் இடத்தைக் கூரான கருவியால் கீறியே வைத்துவிட்டார்கள். யாராவது தெரியாமல் போட்டாலும் முள் ஓடாது!

விற்பனை மட்டும் நிற்கவில்லை. 5 லட்சம் தட்டுகள் விற்றிருக்கும் என்று பிற்பாடு எடுத்த சினிமாவில் ஒரு கணக்குச் சொல்கிறார்கள். டெட்ராய்ட்டில் செங்கல் சுமந்தவருக்கு இதில் இருந்து ஒரு டாலர்கூட வந்து சேரவில்லை என்கிறது அதே சினிமா. அந்தப் பணம் எங்கே போனது என்ற கேள்விக்குப் படத்தில் தெளிவான பதில் கிடையாது. பின்னால் அமெரிக்காவில் கோர்ட்டு வரைக்கும் போன விவகாரம் அது.

"மேடையிலேயே சுட்டுக்கிட்டாராம்!"

தட்டின் அட்டையில் கறுப்புக் கண்ணாடியும் தொப்பியும் போட்ட ஒரு ஆள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். அதைத் தவிர பாடகரைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியாது. பேட்டி இல்லை. பத்திரிகையில் படம் இல்லை. பாட்டு எழுதியவர் பெயர்கூட ஒரே தட்டில் ஒவ்வொரு பாட்டுக்கு ஒவ்வொரு விதமாக இருந்தது.

விஷயம் தெரியாத இடத்தில் வதந்திதானே முளைக்கும்?

"கச்சேரி நல்லா இல்லேன்னு ஜனங்க கத்தினாங்களாம். துப்பாக்கியை எடுத்து மேடையிலேயே சுட்டுக்கிட்டாராம்" என்று ஒரு பேச்சு.

"அதெல்லாம் இல்லே. பெட்ரோலை ஊத்திக் கொளுத்திக்கிட்டாரு" என்று இன்னொரு பேச்சு.

போதை மருந்து தின்று செத்தார் என்றவர்களும் உண்டு. இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். முக்கியமான இரண்டு வதந்தியும் மேடையில்தான் நடக்கின்றன! அவர் நேரில் பாடி ஒருநாளும் பார்க்காத ஜனங்கள், அவருடைய கடைசிக் கச்சேரியைத் தாங்களே கற்பனையில் நடத்தி முடித்துவிட்டார்கள்.

இத்தனைக்கும் அவர் அதே காலத்தில் ஆஸ்திரேலியாவில் மேடை ஏறிப் பாடியிருக்கிறார். 1979-ல் ஒரு தடவை. 1981-ல் "மிட்நைட் ஆயில்" குழுவோடு இன்னொரு தடவை. அந்தக் கச்சேரிகளில் பதிவு செய்த தட்டுக்கு அங்கே வைத்த பெயர் என்ன தெரியுமா? "உயிரோடு" என்று அர்த்தம் வரும் "அலைவ்"! ஆனால் ஒதுங்கிக் கிடந்த தென்ஆப்பிரிக்காவுக்கு அந்தச் சேதி எட்டவே இல்லை. பின்னாளில் இந்தக் கதையைச் சினிமாவாக எடுத்தவரும் ஆஸ்திரேலியா விஷயத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டார். சொன்னால் கதையின் சுவாரசியம் குறையும் என்று நினைத்தாரோ என்னவோ. அந்தக் குறையைப் பல பேர் அப்போதே சுட்டிக்காட்டினார்கள். சுட்டிக்காட்டியதில் தப்பு இல்லை.

துப்பறிந்த ரசிகர்கள்

கேப்டவுனில் ஸ்டீபன் செகர்மேன் என்று ஒரு ரசிகர். பட்டாளத்தில் கூட இருந்தவர்கள் அவர் பெயரை "சுகர்மேன்" என்று திரித்து, கடைசியில் "சுகர்" என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். ஒருநாள் கடற்கரையில், அமெரிக்காவில் இருந்து வந்திருந்த ஒரு பெண்ணோடு பேச்சு. அந்த "கோல்டு பேக்ட்" தட்டு இங்கே எந்தக் கடையில் கிடைக்கும் என்று அந்தப் பெண் கேட்டார். அமெரிக்காவில் கிடைக்காதா என்று இவர் கேட்க, அங்கே அதை யாருக்கும் தெரியாது என்று பதில் வந்தது. செகர்மேனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. தன் நாட்டில் வீட்டுக்கு வீடு இருக்கும் தட்டு, சொந்த ஊரில் இல்லையா!

1996-ல் இரண்டாவது தட்டை அங்கே மறுபடி வெளியிட்டபோது அதன் உள் அட்டைக்கு அவர்தான் குறிப்பு எழுதினார். இந்தப் பாடகர் என்ன ஆனார் என்று துப்புத்துலக்க யாராவது இருக்கிறீர்களா என்று அதில் கேட்டிருந்தார். அதைப் படித்துவிட்டுக் கிளம்பினார் கிரெய்க் பார்த்தலோமியூ என்ற பத்திரிகையாளர். பாட்டில் வரும் ஊர்ப்பெயர்களை ஒவ்வொன்றாகத் தேடிப்பார்த்தார். ஒன்றும் சிக்கவில்லை. கடைசியில் ஒரு பாட்டில் வரும் "டியர்பார்ன்" என்ற ஒரே ஒரு வார்த்தை கை கொடுத்தது. பூகோளப் புத்தகத்தைப் புரட்டினால், அது டெட்ராய்ட்டை ஒட்டிய ஊர்!

அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போய் 1997-ல் தயாரிப்பாளர் மைக் தியோடரை டெலிபோனில் பிடித்துவிட்டார். கேள்வி மேல் கேள்வி கேட்டார். கடைசிக் கேள்வி, ரோட்ரிகஸ் எப்படிச் செத்தார் என்பது. எதிர்முனையில் ஆச்சரியம். செத்தாரா? யார் சொன்னது? ஆள் உயிரோடு டெட்ராய்ட்டில்தானே இருக்கிறார்!

அதற்குள் ரசிகர்கள் இன்டர்நெட்டிலும் ஒரு பக்கம் ஆரம்பித்து, காணாமல்போன பிள்ளைகளின் படத்தை அமெரிக்காவில் ஒரு காலத்தில் பால் அட்டைப் பெட்டியில் போட்டார்களே, அதுமாதிரி ரோட்ரிகஸ் படத்தைப் போட்டுத் தேடிக்கொண்டிருந்தார்கள். அது அவருடைய மூத்த மகள் கண்ணில் பட்டது. நான் அவர் மகள் என்று தகவல் அனுப்பினார். செகர்மேன் வீட்டில் ஒருநாள் நடுநிசி தாண்டி டெலிபோன் மணி அடித்தது. எடுத்தால், வருஷக்கணக்கில் தட்டில் கேட்ட அதே குரல்!

அந்த இரவு

அடுத்த வருஷம் மார்ச் மாதம் ஆறு கச்சேரிக்கு ஏற்பாடு ஆனது. மகள்களோடு விமானம் ஏறி வந்தார் ரோட்ரிகஸ். அப்போது அவருக்கு வயது 55. விமான நிலையத்தில் நீண்ட ஆடம்பரக் கார்கள் நின்றன. யாரோ பெரிய மனிதர் வருகிறார் போலிருக்கிறது என்று அந்தக் குடும்பம் ஒதுங்கிப் போகப் பார்த்தது. அந்தக் கார்கள் தங்களுக்காகத்தான் என்று பிறகுதான் தெரிந்தது! ஓட்டல் அறையில் பெரிய கட்டில் போட்டிருந்தும் சோபாவிலேயே படுத்துத் தூங்கினாராம் மனிதர். வேலைக்காரர்கள் படுக்கையை மறுபடி விரிக்க வேண்டியிருக்குமே, அவர்களுக்கு எதற்குச் சிரமம் என்று.

பின்னணி வாசிக்க அந்த நாட்டுக் குழு ஒன்று அமர்த்தப்பட்டிருந்தது. "பிக் ஸ்கை" என்று பெயர். அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய அவசியமே ஏற்படவில்லை. சின்ன வயசில் இருந்து கேட்டு வளர்ந்த பாட்டு. பாடகரைவிட அவர்களுக்கு நன்றாக மனப்பாடம்!

இனி அரங்கத்துக்கு வருவோம்.

விளக்கு அணைந்தது. தாழ்ந்த சுருதித் தந்தி வாத்தியத்தில் "ஐ ஒண்டர்" பாட்டின் ஆரம்பம் கேட்டது. அந்த நாட்டில் அந்த ஆரம்பத்தை அடையாளம் தெரியாதவர் அநேகமாக யாருமில்லை. மேடைக்கு ஒருவர் நடந்து வந்தார். கறுப்புக் கண்ணாடி. நீண்ட தலைமுடி. அட்டைப் படத்தில் பார்த்த அதே ஆள், வயசு மட்டும் ஏறியிருக்கிறது.

எழுந்தது பாருங்கள் ஒரு கூச்சல்! நிமிஷக்கணக்கில் ஓயவில்லை. வாத்தியச் சத்தம் அதில் அமுங்கிப்போனது. அவர் பாடவில்லை. பாட முடியவில்லை. மைக்குக்கு முன்னால் அப்படியே நின்று ஜனங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். புகை மண்டிய மதுக்கடையில் சுவரைப் பார்த்துப் பாடிய அதே மனிதர்! முகத்தில் பயமோ, பதற்றமோ தெரியவில்லை. வரவேண்டிய இடத்துக்கு வந்து சேர்ந்தவர் மாதிரி அமைதியாக நின்றார் என்று மேடையில் உடன் இருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

கடைசியில் வாயைத் திறந்து அவர் சொன்னது, தன்னை இத்தனை காலம் உயிரோடு வைத்திருந்ததற்கு நன்றி என்பதுதான்.

பிறகு பாட்டு. சந்தேகத்தோடு வந்தவர்களுக்கு முதல் அடியிலேயே பதில் கிடைத்துவிட்டது. முகத்தை மாற்றலாம், கண்ணாடி போட்டுக்கொள்ளலாம். குரலை எங்கே வாங்குவது? அப்புறம் கேள்வியே எழவில்லை. அவர் ஒரு வரி பாடினால் 5 ஆயிரம் பேரும் கூடவே பாடினார்கள். பட்டாள முகாமில் கேட்டவர்கள் நாற்பது வயசுக்காரர்களாக வந்திருந்தார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் அப்போது பிறக்கவே செய்யாத இளவட்டங்கள். கச்சேரி முடிந்ததும் பழைய தட்டுகளைத் தூக்கிக்கொண்டு கையெழுத்துக்கு வரிசை கட்டி நின்றார்கள். நுணுக்கமாகப் பார்த்தால் ஒன்று தெரியும். வந்த கூட்டம் அநேகமாக வெள்ளைக்காரக் கூட்டம். நிறவெறி ஆட்சி ஒழிந்து நாலு வருஷம் ஆகியிருந்தாலும் இசைத்தட்டு போன வீடுகள் பழைய வீடுகள்தானே.

நேரில் கேட்பதில் அப்படி என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். தட்டிலே சுத்தமாக, பிசிறில்லாமல் கேட்கலாமே? கேட்கலாம். ஆனால் இந்த மாதிரிப் பாடகர்களிடம் வாத்தியக் கும்பலோ, ஜோடனையோ கிடையாது. எழுதியவனே எதிரே நின்று பாடுகிறான். மூச்சு வாங்குவது தெரிகிறது. ஒரு வார்த்தைக்கு முன்னால் அவன் தயங்குவது தெரிகிறது. தென்ஆப்பிரிக்கா ஜனங்களுக்கோ அதைவிடப் பெரிய விஷயம், அவன் மூச்சு விடுகிறான் என்பதே!

மறுபடியும் கூலி வேலை

ஆறு கச்சேரியும் முடிந்தது. அந்தச் சுற்றுப்பயணத்தை வைத்து ஒரு தட்டும் வந்தது. ஒரு டெலிவிஷன் படமும் தயாராகி 2001-ல் அங்கே காட்டப்பட்டது. அதற்கு வைத்த தலைப்பு, "செத்தவர்கள் சுற்றுப்பயணம் போவதில்லை" என்று அர்த்தம் வரும் "டெட் மென் டோன்ட் டூர்".

ரோட்ரிகஸ் டெட்ராய்ட்டுக்குத் திரும்பினார். என்ன செய்தார்? பழையபடி வீடு இடிக்கப் போனார்! 1976-ல் சர்க்கார் ஏலத்தில் வெறும் 50 டாலருக்கு வாங்கிய அதே பழைய வீட்டில்தான் குடியிருந்தார். கச்சேரியில் வந்த பணத்தில் பெரும் பகுதியைக் குடும்பத்தாருக்கும், வேண்டியவர்களுக்கும் கொடுத்துவிட்டார் என்பது குறிப்பிடத்தக்கது.

ஸ்வீடன் நாட்டு வாலிபர் மாலிக் பென்ஜெலூல் 2006-ல் ஆப்பிரிக்காவில் கதை தேடி அலைந்தபோது செகர்மேன் இதைச் சொன்னார். பிடித்துக்கொண்டார். பாதியில் பிலிமுக்குப் பணம் தீர்ந்துபோனது. மீதிக் காட்சிகள் சிலவற்றை, 2 டாலர்கூடப் பெறாத ஒரு செயலியைச் செல்போனில் போட்டு எடுத்து ஒப்பேற்றினார். 2012-ல் வந்த அந்த "சர்ச்சிங் பார் சுகர் மேன்" படம், 2013 பிப்ரவரியில் ஆஸ்கார் பரிசை வென்றது. விழாவுக்கு ரோட்ரிகஸ் போகவில்லை. படம் எடுத்தவர்களுக்குக் கிடைக்க வேண்டிய பெருமையை நான் போய்ப் பங்கு போடக் கூடாது என்று சொல்லிவிட்டார். பரிசு அறிவித்த நேரத்தில் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார். பென்ஜெலூல், பாவம், 2014 மே மாதம் 36-வது வயசில் தற்கொலை செய்துகொண்டார்.

படம் ஓடியபிறகு 70 வயசில் உலகம் பூராவும் கூப்பிட்டார்கள். 2013-ல் இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி விழா, நியூயார்க்கில் புரூக்ளினில் உள்ள மாபெரும் உள்ளரங்கம் என்று போனார். கண்ணில் நீர் அழுத்த நோய். பார்வை மங்கிவிட்டது. கையைப் பிடித்து மேடைக்கு அழைத்துவந்து விடுவார்கள். தொப்பியைச் சரி செய்துகொள்வார். ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவில் நெடுநேரம் ஆகும். அடுத்தது எது என்று பின்னணிக்காரர்களிடம் மேடையிலேயே ஆலோசனை நடக்கும். பல ஊர்களில் அந்தந்த ஊர் வாத்தியக்காரர்கள்தான். திடீரென்று தன் பாட்டை விட்டுவிட்டுப் பிராங்க் சினாட்ரா காலத்துப் பாட்டைப் பாட ஆரம்பித்துவிடுவார். சில இரவுகளில் சுருதி சேராது. பத்திரிகை விமர்சகர்கள் சிலர் இதைக் குறையாக எழுதினார்கள். எழுதியது பொய் அல்ல.

ஆனால் டிக்கெட் வாங்கி வந்த ஜனங்கள் பெரும்பாலும் கோபித்துக்கொள்ளவில்லை. அவர் தயங்கிய இடத்தில் இவர்கள் பாடிக்கொடுத்தார்கள். என்னைச் சாதாரணமான ஒரு ஜாம்பவானாக நடத்தினால் போதும் என்று மேடையில் அவர் தமாஷ் பண்ணுவார். அரங்கமே சிரிக்கும்.

2023-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 8-ந்தேதி, தன் 81-வது வயசில் ரோட்ரிகஸ் காலமானார். கேப்டவுனுக்கும் சேதி போய்ச் சேர்ந்தது. இந்தத் தடவை அது வதந்தி அல்ல.